உன் முதல் பந்தியில் வரும் தோட்டத்து முதியவர் எழுதிக்கொள்வது

பாப்பா,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். நலமாயிருக்கிறேன் என்று உன்னிடம் பொய் சொல்லித்தான் காலில் ஒரு விரல் போயிற்று என்பது ஞாபகம் வந்ததால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். வருகிற வெள்ளிக்கிழமை நீ கிழக்குப் பக்கம் புது வேலைக்குப் போகிறாய், தாதியருக்குப் பாடம் சொல்லும் விரிவுரையாளராக. போன ஞாயிறு வீட்டுக்கு வந்து, அம்மாவுக்குச் சேலையும் எனக்குச் சீனி போடாத பிஸ்கட்டும் தந்து, காலில் விழுந்து கும்பிட்டாய். கும்பிடும்போது இடது காலின் மருந்துக் கட்டின் மேல் கை படாமல் கவனமாகப் பார்த்துக்கொண்டாய். நான் "நல்லா இரு" என்றேன். வாய்க்குள் இருந்தது வேறு. பஸ்ஸில் நாள் முழுக்கக் கத்துகிற வாய்க்கு வீட்டில் சத்தம் வராது என்பது உனக்குத் தெரிந்ததுதானே. ஆகவே எழுதுகிறேன், அதுவும் நாலு பேர் வாசிக்கிற மாதிரி. வீட்டு விஷயத்தை ஏன் வெளியில் போடுகிறீர்கள் என்று கோபப்படாதே. நீ என்னை ஒரு வகுப்புக்கே வாசித்துக் காட்டியிருக்கிறாய். இதில் உன் பேரும் இல்லை, என் பேரும் இல்லை, ஆஸ்பத்திரியின் பேரும் இல்லை. பேர் போடாமல் ஒருவரைப் பற்றி எழுதும் வித்தையை உன்னிடமிருந்துதான் கற்றேன். ஒரே ஒரு வித்தியாசம்: நீ என்னிடம் கேட்காமல் வாசித்தாய், நான் முதல் பிரதியை உனக்கு அனுப்புகிறேன். மற்றவர்கள் வாசிப்பது வியாழக்கிழமை கழிந்த பிறகு. ஏன் வியாழன் என்று கடைசியில் சொல்கிறேன்.

வாசிக்கப்போகிற அந்த நாலு பேருக்காக என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. இலங்கை மலைநாட்டில் பதுளைக்கும் ஸ்பிரிங்வெளிக்கும் ஓடுகிற தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். பள்ளிக்கூடத்து ஓ.எல். பரீட்சையில் கணக்குப் பாடத்தில் கோட்டைவிட்டவன். ஆண்டவன் வேடிக்கைக்காரன், கணக்கு வராதவனைப் பிடித்துச் சில்லறை எண்ண விட்டான். உன் அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள். லயம் என்கிற வரிசை வீட்டில் நமக்கு இருந்தது ஒரு அறையும் அதற்கு முன்னால் நான் தகரம் அடித்துச் சேர்த்த ஒரு அறை மாதிரியும். அதில்தான் நீ படித்தாய். மழை பெய்தால் தகரம் போடுகிற சத்தத்தில் நீ பாடத்தைக் கத்திக் கத்திப் படிப்பாய்; இரத்த ஓட்டம் எப்படி நடக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர்களுக்கெல்லாம் மனப்பாடம். உன் முதல் வகுப்பு அதுதான் என்று நான் எல்லாரிடமும் பீற்றிக்கொள்வேன்.

நீ டவுன் பள்ளிக்கூடத்தில் ஏ.எல். படித்த காலம் ஞாபகம் இருக்கிறதா? காலையில் என் பஸ்ஸில்தான் வருவாய். டவுனுக்குக் கிட்டே உன் சிநேகிதிகள் ஏறுவார்கள். ஒரு நாள் அவர்கள் ஏறியதும் நீ என்னைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு காசை நீட்டினாய். எனக்கு ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. "எங்க போகணும் மிஸ்?" என்று கேட்டேன். "டவுனுக்கு ஒண்ணு" என்றாய். டிக்கெட் கிழித்து, மிச்சமும் கொடுத்தேன். டிரைவர் ராசு கண்ணாடியில் பார்த்திருந்து, நீங்கள் இறங்கியதும், "என்னாண்ணே, சொந்தப் புள்ளைக்கே டிக்கெட்டா? மொதலாளிக்குத் தெரிஞ்சா ஒங்களுக்கு மாலை போடுவாரு" என்றான். சாயந்தரம் வீட்டில் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். மறுநாளும் அதே நாடகம். பிறகு அதுவே வழக்கமாயிற்று. உன்னை உலகத்திலேயே முதன்முதலில் மிஸ் என்று கூப்பிட்டவன் நான்தான். அது விளையாட்டு என்று நான் நினைத்தேன். உனக்கு அது ஒத்திகையாக இருந்திருக்கிறது. இதில் உன்னைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை, நாடகத்துக்கு வசனம் எழுதிக் கொடுத்தது நான்.

நீ தாதிப் பயிற்சிக்குச் சேர்ந்த பிறகு லீவுக்கு வரும்போதெல்லாம் பிரஷர் பார்க்கிற கருவியைக் கொண்டு வருவாய். லயமே வரிசையாக நின்று கையை நீட்டும். ஒருவருக்கும் பிரஷர் என்றால் என்னவென்று தெரியாது. நம்ம புள்ள பழகணும் என்பதுதான். கையை இறுக்கிப் பிடிக்கும்போது "வலிக்குதா மாமா?" என்று கேட்பாய். எல்லாரும் "இல்ல தாயி" என்பார்கள். நீ கருவியைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்துச் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "மாமா, சும்மா தலையாட்டக் கூடாது. வலிச்சா வலிக்குதுன்னு சொல்லணும். நம்ம ஆளுங்க எல்லாத்துக்கும் ஆமாங்க போடுறதாலதான் நோவு முத்திப் போய் ஆஸ்பத்திரிக்கு வர்றாங்க." அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை எந்தப் பாத்திரத்தில் வைப்பது என்று தெரியவில்லை. ஏனென்றால் அது சரி. விடியற்காலைப் பெரட்டில் நின்று அன்றைய வேலையைப் பிரித்து வாங்கும்போது உடம்பு சரியில்லை என்று ஒருவன் சொன்னால் அன்றைக்குக் கூலி இல்லை. அதனால் காய்ச்சலோடு நின்றவனும் "சொகந்தாங்க" என்றுதான் சொல்வான். என் அப்பா அப்படித்தான், அவரோடு நின்ற அத்தனை பேரும் அப்படித்தான். பெரட்டை விட்டுப் பஸ்ஸுக்கு வந்தும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. நமக்கு வெள்ளைக் கோட்டு போட்டவரும் ஒரு துரைதான். இது எந்தப் புத்தகத்தையும் பார்த்து நீ சொன்னது இல்லை, உன் வீட்டைப் பார்த்துச் சொன்னது. இந்த விஷயத்தை மறந்துவிடாதே, நானும் இதற்குத் திரும்பி வருவேன்.

போன மழைக்காலம் சளி முற்றிக் காய்ச்சலாகி, சீனியும் ஏறி, வார்டில் படுத்தேன். நீ அதே ஆஸ்பத்திரியில் தாதி மாணவிகளுக்குப் பாடம் சொல்கிற டியூட்டர். முதல் நாள் சாயந்தரம், பார்க்க வந்தவர்களெல்லாம் போன பிறகு நீ வந்தாய். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாய். "அப்பா, நாளைக்குக் காலைல புள்ளைகளோட இந்த வார்டுக்குத்தான் வரணும். அப்போ..." என்று இழுத்தாய். "தெரியும் பாப்பா, நீ ஒன் வேலையப் பாரு. நான் பஸ்ஸுல ஏறுன ஆளு மாதிரி படுத்திருக்கேன்" என்றேன். நீ சிரித்தாய். அந்த வாக்கியத்தை நீ முடிக்கவில்லை, நான் முடித்து வைத்தேன். ஆகவே அந்த மட்டில் தப்பு என் கணக்கில்.

காலையில் வந்தாய். வெள்ளை உடையில் உன்னைத் தூரத்தில் பார்த்தபோது எழுந்து உட்கார்ந்துவிட்டேன். பின்னால் அரை பஸ் அளவுக்கு மாணவிகள். என் கட்டிலின் கால்மாட்டில் நின்று சிங்களத்தில் சொன்னாய்: அறுபது தாண்டியவர், தோட்டப் பகுதி, நாள்பட்ட சீனி வியாதி, மருந்தை ஒழுங்காக எடுப்பதில்லை. கண்டக்டருக்குச் சிங்களம் தெரியும் பாப்பா. மருந்தை ஒழுங்காக எடுப்பதில்லை என்பதை வார்டில் யாரும் உனக்குச் சொல்லவில்லை. அதை நான் யாரிடமும் சொன்னதும் இல்லை. அம்மா போனில் உன்னிடம் அழுதது அது. அடுப்படியில் நின்று ஒருத்தி அழுதது அத்தனை பேர் கேட்கிற பாடத்துக்குள் எப்படி வந்தது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே நீ என் பக்கம் திரும்பி, "ஐயா, கால் நோகுதோ?" என்றாய். அது நம் வீட்டுப் பேச்சு இல்லை, யாழ்ப்பாணப் பேச்சு. யாழ்ப்பாணத்துத் தமிழ் நல்ல தமிழ். அந்தப் பக்கத்து மாஸ்டர்மாரும் கிளார்க்மாரும் என் பஸ்ஸில் பேசிக்கொண்டு வந்தால் காது கொடுத்துக் கேட்பேன். ஆனால் நம் வீட்டில் யாருக்கும் நொந்தது கிடையாது, வலிக்கத்தான் செய்யும். என் மகள் என்னை மறைப்பாள் என்று தெரிந்துதான் படுத்திருந்தேன். தன்னையும் சேர்த்து மறைப்பாள் என்று நினைக்கவில்லை. "இல்லைங்க மிஸ்" என்றேன்.

அப்போது ஒரு மெலிந்த பிள்ளையைக் கூப்பிட்டு என் காலைச் சோதிக்கச் சொன்னாய். அவளுக்குக் கௌசல்யா என்று இங்கே பேர் வைத்துக்கொள்கிறேன். லுணுகலைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. மீன் பிடிக்கிற தங்கூசி மாதிரி ஒரு துண்டு நூல், அதன் நுனியால் உள்ளங்காலில் அங்கங்கே தொட வேண்டும், தெரிகிறதா என்று நான் சொல்ல வேண்டும். நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டுத்தான் தொட வேண்டுமாம். அவளுக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது, சொல்ல மறந்துவிட்டாள். எனக்கு அந்த முறை அப்போது தெரியாது. தலையணையில் சாய்ந்து நன்றாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் தொட்டாள், "தெரியுதுங்க மிஸ்" என்றேன். இன்னொரு இடத்தில் தொட்டாள், "தெரியுதுங்க மிஸ்". டிக்கெட் கிழிக்கிற வேகத்தில் சொன்னேன். சத்தியமாக எனக்கு ஒன்றும் தெரியவில்லை பாப்பா. வேறு யாருடைய காலையோ தொடுகிற மாதிரி இருந்தது. ஏன் அப்படிச் சொன்னேன்? அந்தப் பிள்ளையின் கை நடுங்கியது ஒரு காரணம். பெரட்டுப் பழக்கம் ஒரு காரணம். ஆனால் பெரிய காரணம் நீ. தப்பான பதில் சொன்னால் உன் வகுப்பு கெட்டுப்போகும் என்று நினைத்தேன். மகளின் பரீட்சையில் அப்பன் பெயிலாகக் கூடாது என்று நினைத்தேன். நடுவில் ஒரு தடவை நீ என் கண்ணைப் பார்த்தாய். என் கண் அந்த நூலின் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது. நீ உடனே குனிந்துகொண்டாய். "சரி, அடுத்த கட்டில்" என்று சிங்களத்தில் சொன்னாய்.

நீங்கள் எல்லாரும் போன பிறகு பக்கத்துக் கட்டில் முனியாண்டி அண்ணன், பசறைக்காரர், என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "கண்டக்டரே, அந்தப் பெரிய மிஸ்ஸிக்கு அப்படியே ஒங்க மூக்கு."

"தோட்டத்துல எல்லாருக்கும் இதே மூக்குதாண்ணே. ஒரே கப்பல்ல ஏத்திக்கிட்டு வந்தது."

"அப்ப கண்ணு ஏன் கலங்குது?"

"சளி."

அவர் போர்வையை இழுத்துக்கொண்டு, "சளி கண்ணு வழியாவா வருது, நல்லாருக்குய்யா ஒங்க வியாதி" என்று திரும்பிப் படுத்தார். பகல் சாப்பாட்டு நேரத்துக்கு அம்மா வந்தாள். அந்த நேரத்துக்குத்தான் வரச் சொல்லியிருந்தாய், மாணவிகள் இல்லாத நேரம். அவள் முனியாண்டி அண்ணனிடம் தன்னை எனக்குத் தங்கச்சி முறை என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்துகொண்டிருந்தேன், அந்த அளவுக்கு நாடகம் முற்றியிருந்தது.

வீட்டுக்கு வந்து, மறுபடி பஸ்ஸில் ஏறினேன். நீ வாங்கித் தந்த கறுப்புச் சப்பாத்து போட்டிருந்தேன். ஒரு நாள் நல்ல கூட்டம், மழை வேறு. யாருக்கோ மிச்சம் கொடுக்கும்போது ஐந்து ரூபாய் நாணயக் குற்றி ஒன்று தவறி விழுந்தது. குனிந்து தேட இடமில்லை, விட்டுவிட்டேன். அது என் சப்பாத்துக்குள்தான் விழுந்திருக்கிறது. அத்தனை வளைவுகளிலும் அதன் மேல் மிதித்து நின்றுகொண்டே அன்றைக்கு முழுக்க வேலை செய்திருக்கிறேன். சாயந்தரம் சப்பாத்தையும் கால் மேஸையும் கழற்றியதும் அம்மா அலறினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. "சில்லறை இல்லைன்னு எத்தன பேரோட சண்ட புடிச்சேன், கால்லயே வெச்சிருந்திருக்கேன் பாரு" என்றேன். காயம் ஆறவில்லை. கறுத்தது. விரலை எடுக்க வேண்டும் என்றார்கள். நீ ஓடி வந்தாய், டாக்டர்மாரிடம் பேசினாய், ஆபரேஷன் முடியும்வரை வெளியில் உட்கார்ந்திருந்தாய். முடிந்து வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு அப்படி ஒரு அழுகை அழுதாய். நான்தான் உன்னைத் தேற்றினேன். உள்ளுக்குள் எனக்கு ஒரே குற்ற உணர்வு. வார்டில் நான் உண்மையைச் சொல்லியிருந்தால் காலில் உணர்ச்சி இல்லை என்பது அன்றே தெரிந்திருக்கும், சப்பாத்தை உதறிவிட்டுப் போடு என்று யாராவது சொல்லியிருப்பார்கள். இதை உன்னிடம் சொன்னால், உன் கண் முன்னால் நடந்ததை நீ கவனிக்கவில்லையே என்று உடைந்துபோவாய். அதனால் சொல்லவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. பல மாதம் அதைக் காலின் கட்டோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்தேன்.

விரல் போன பிறகு முதலாளி என்னைப் பதுளை பஸ் ஸ்டாண்டில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்து, ஆள் கூப்பிடுகிற வேலை கொடுத்தார். "பசறை, லுணுகலை, சீட் இருக்கு, வாங்க வாங்க" என்று கத்துவதுதான் இப்போது உத்தியோகம். இல்லாத சீட்டை இருக்கு என்று சொல்வதில் எனக்கு அனுபவம் உண்டல்லவா. அங்கேதான் ஒரு சனிக்கிழமை அந்தப் பிள்ளை வந்து நின்றாள்.

"ஐயா, என்னைத் தெரியுதா? வார்டுல ஒங்க கால்ல நூல் வெச்சுப் பாத்தேனே."

"தெரியாம என்னா? கை அந்த நடுங்கு நடுங்குச்சே."

சிரிக்கப் போனவள் காலில் இருந்த கட்டைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். "வெரலு போயிருச்சுன்னு மிஸ் சொன்னாங்கய்யா."

"எந்த மிஸ்? என்னா சொன்னாங்க?"

அவள் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். புது வேலைக்கு விண்ணப்பிக்கிற ஆசிரியர்கள் ஒவ்வொருவரும் தன்னுடைய கற்பித்தல் தத்துவம் என்று ஒன்று எழுத வேண்டுமாம்; நான் எப்படிப் படிப்பிக்கிறேன், ஏன் அப்படிப் படிப்பிக்கிறேன், எதை நம்புகிறேன் என்று. நீ பந்தி பந்தியாக எழுதி, கடைசி வகுப்பில் அதைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினாயாம்.

"அதுல மொத பந்தியே நீங்கதான்யா. பேரு போடக் கூடாது, அதனால 'ஒரு தோட்டத்து முதியவர்'னு போட்டிருந்தாங்க. மிஸ் எழுதுனத அப்பிடியே சொல்றேன்யா: மாணவி கண்ண மூடச் சொல்ல மறந்துட்டா, அவரு பாத்துப் பாத்துத் தெரியுதுன்னு சொன்னாரு, அவரு சொல்றது பொய்யின்னு எனக்கு அப்பவே தெரிஞ்சுச்சு. ஆனா மாணவிய எல்லார் முன்னாலயும் சங்கடப்படுத்த வேணாம்னு பேசாம இருந்துட்டேன். அவரு வெரலு போச்சு. நோயாளிக்கு முன்னால ஆசிரியர் வாய மூடிக்கிட்டு இருக்கறதும் தப்புதான், அன்னையிலருந்து நான் நம்புறது இதுதான்னு எழுதியிருந்தாங்க. வாசிக்கறப்ப நாங்க எல்லாம் அழுதுட்டோம். அப்புறம் எழும்பி நின்னு கைதட்டினோம்."

"கைதட்டினீங்களா?"

"ஆமாங்க."

 அவளே மெதுவாகத் தொடர்ந்தாள். "மிஸ் என் பேரச் சொல்லல. ஆனா அன்னைக்கு நூல் புடிச்சது யாருன்னு வகுப்புல எல்லாருக்கும் தெரியும்ல. என்னாலதானய்யா ஒங்க வெரலு? சில நாளு, விட்டுட்டு வீட்டுக்கே போயிரலாமான்னு இருக்கு."

"அட, ஒன்னால இல்ல புள்ள. கெழவன் பொய் சொன்னான், அவ்வளவுதான்."

"ஏன்யா பொய் சொன்னீங்க?"

லுணுகலை பஸ் வந்து நின்றது. நான் எழுந்து "லுணுகலை, லுணுகலை" என்று கத்தத் தொடங்கினேன். அவளுக்குப் பதில் சொல்லாமல் தப்பிக்க ஒரு பஸ் முழுக்க ஆள் கூப்பிட்டேன்.

பாப்பா, எனக்கு எங்கே வலித்தது என்று சொல்லட்டுமா? விரலை எடுத்த இடத்தில் இல்லை. நான் பொய் சொன்னது உனக்குத் தெரியாது என்று நினைத்துத்தான் அத்தனை மாதமும் உன்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். உனக்கு அப்போதே தெரியும். தெரிந்து குனிந்துகொண்டாய். அதையாவது பயம் என்று விடுவேன். "கண்ண மூடுங்க" என்று நீ சொல்லியிருந்தால், பதிலுக்கு என் வாயில் "சரி பாப்பா" என்று வந்திருக்கும், நீ அதற்குப் பயந்தாய். பயத்தை மன்னிக்கலாம், நம் வீட்டில் அது நிறைய இருக்கிற சாமான். ஆனால் பிறகு அதை எடுத்து, துடைத்து, பளபளப்பாக்கி, உன் தத்துவத்தின் முன்வாசலில் மாட்டி வைத்திருக்கிறாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை. வார்டில் என்னை மறைத்தாய். வகுப்பில் என்னைக் காட்டினாய், ஆனால் மறைத்துக்கொண்டே காட்டினாய். எல்லாரும் அழுகிற அளவுக்கு உண்மையைச் சொல்லி, உனக்குச் செலவு வைக்கிற உண்மையை மட்டும் விட்டுவிட்டாய். மாணவியைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்றா பேசாமல் இருந்தாய்? அந்தப் பொய் இப்போது அந்த மாணவியின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. தாதியாகாமலே திரும்பிப் போய்விடுவாளோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

அன்று சாயந்தரம் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் பக்கம் பேசுவாள் என்று நினைத்தேன். கொழுந்துக் கூடையின் கயிற்றை முடிந்துகொண்டே கேட்டாள். "மருந்து ஒழுங்கா எடுக்கறதில்லன்னு நான் சொன்னதையும் சொல்லிட்டாளா?" என்று மட்டும் ஒரு தடவை கேட்டாள். பிறகு முடிச்சை இறுக்கிவிட்டு என் மேல்தான் விழுந்தாள். "நீங்க மட்டும் என்னா யோக்கியம்? கால்ல உணர்ச்சி இல்லாமயே தெரியுதுன்னு சொன்ன ஆளு. அப்பனும் மகளும் ஆளுக்கொரு பொய்யச் சொல்லிட்டு, ஊராம் புள்ள தலையில கொண்டுபோய்க் கட்டியிருக்கீங்க." அன்று இரவு எனக்குச் சாப்பாடு போட்டாள், கறியை நகர்த்தி வைக்கவில்லை. அவள் கோபத்தில் இருக்கிறாள் என்பதற்கு அதுதான் அடையாளம், உனக்கே தெரியும்.

தத்துவம் எழுதுவதைப் பற்றி உனக்குப் புத்தி சொல்ல நான் யார்? எனக்குத் தெரிந்த ஒரே தத்துவம் "உள்ள போங்க, உள்ள போங்க" என்பது. இருந்தாலும் நீ புதுப் பிள்ளைகளிடம் போகிறாய், அப்பன் வாயை மூடிக்கொண்டிருந்தால் நீ எழுதியபடி அதுவும் தப்பாகிவிடும். நீ எதை நம்புகிறாய் என்று எழுதச் சொன்னார்கள். லயத்தில் கருவியைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்துச் சொன்னாயே, நம்ம ஆளுங்க எல்லாத்துக்கும் ஆமாங்க போடுறாங்க என்று, அதை ஏன் எழுதவில்லை? தோட்டத்து நோயாளி ஒருவர் தெரியுது என்று சொன்னால் இன்னொரு தடவை கேட்க வேண்டும் என்று சொல்லிக் கொடுக்க உன்னைவிடத் தகுதியானவள் யார் இருக்கிறாள்? ஆனால் அதை எழுதினால், உனக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குத்தான் நீ பயந்தாய். பாப்பா, அந்தக் கேள்விக்குப் பதில்தான் உன்னிடம் இருக்கிற பாடம். மற்றதெல்லாம் எல்லா டியூட்டரும் சொல்வது. கை நடுங்குகிற பிள்ளைக்கு முறையை மறந்துவிட்டாய் என்று அந்த இடத்திலேயே சொல்லிவிடு. அவள் அன்றைக்கு அழுவாள், அதோடு போகும். சொல்லாமல் விட்டு, பிறகு அவளை உன் கதையில் சேர்த்தால், அவள் எப்போது அழுது முடிப்பது?

வார்டில் நீ என்னை ஐயா என்று கூப்பிட்டதை எடுத்துவிடச் சொல்லி நான் கேட்கவில்லை. நடந்தது நடந்தது. உன் முதல் பந்தியிலிருந்து என்னை எடுத்துவிடு, இல்லையென்றால் முழுதாக வை. அவர் என் அப்பா, அதை வெளியில் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது, அதனால் வாயை மூடிக்கொண்டேன் என்று எழுது. அதை வாசித்தால் யாரும் எழும்பி நின்று கைதட்ட மாட்டார்கள். பரவாயில்லை. பாதிக் கிழவனாக உன் புது ஊருக்கு வர எனக்கு விருப்பமில்லை, ஏற்கனவே ஒரு விரல் குறைவு.

இனி வியாழக்கிழமை விஷயம். மருந்து கட்ட வாரத்துக்கு ஒரு நாள் கிளினிக்குக்குப் போகிறேனல்லவா. போன வியாழன் அங்கே பயிற்சியில் நின்றது அதே கௌசல்யா. மற்றக் காலைச் சோதிக்க வேண்டும் என்று நூலை எடுத்தாள். இந்தத் தடவை கை நடுங்கவில்லை. "கண்ண மூடுங்கய்யா" என்றாள், கொஞ்சம் அதட்டலாகவே. மூடினேன். வெகு நேரம் ஒன்றும் நடக்கவில்லை. "எப்பம்மா தொடப்போற?" என்று கேட்டேன். "தொட்டுக்கிட்டுத்தான்யா இருக்கேன்" என்றாள். நான் சிரித்துவிட்டேன். பிறகு, "தெரியலம்மா" என்றேன். அந்த வார்த்தையை என் வாழ்நாளில் வெள்ளை உடுப்புக்காரர் ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். சொன்ன பிறகு வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. அவள் நூலைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள்: "அன்னைக்கு மட்டும் ஏன்யா அப்பிடிச் சொன்னீங்க?" கண்ணைத் திறக்காமலே, "அடுத்த வியாழன் சொல்றேன் புள்ள, அதுவரைக்கும் வீட்டுக்குப் போயிராத" என்றேன்.

அடுத்த வியாழன் என்பது நீ கிளம்புவதற்கு முந்திய நாள். கிளினிக் வாசலில் நீளப் பெஞ்சு இருக்கிறது. என் பக்கத்தில் துவாய்த் துண்டைப் போட்டு ஒரு இடம் பிடித்து வைப்பேன். சீட் பிடிக்கிற விஷயத்தில் என்னை நம்பலாம், இந்தத் தடவை உண்மையாகவே சீட் இருக்கும். நீ வராவிட்டால் அவள் கேள்விக்கு நானே பதில் சொல்வேன். என் மகளுக்காகச் சொன்னேன் என்பேன். மகள் யார் என்று அவள் கேட்பாள். ஒரே கப்பலில் வந்த மூக்கு என்று இனிமேல் கதை விடமாட்டேன். உன் பேரைச் சொல்வேன். அவள் தலையில் கிடக்கும் பழியை இறக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஆனால் அது நான் சொல்ல வேண்டிய பதில் இல்லை, உன்னுடையது. உன்னிடமிருந்து அதைப் பிடுங்கிக்கொள்ள எனக்கு மனமில்லை.

வருவதானால் காலையிலேயே வா. அம்மாவும் அன்று வேலைக்குப் போகவில்லை, என்னோடு வருகிறாள், பகல் சாப்பாட்டு நேரத்துக்குக் காத்திருக்க மாட்டாளாம். நீ வரும்போது நான் கண்ணை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பேன். பெஞ்சில் இருக்கிற எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, நம்ம வீட்டுப் பேச்சில், ஒரு தடவை என்னைக் கூப்பிடு. உண்மையாகவே தெரிந்தால்தான் தெரியுது என்று சொல்வேன்.

உன் அப்பா